முழங்காலுக்குக் கீழே எண்ணியவள்

ரிஸ்தென் யாருக்கும் குனிந்தவள் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பாதிப் பேர் பெருமையாகச் சொல்வார்கள், மீதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள்.

பின்லாந்தின் வடகோடியில் அந்தக் காலத்தில் பிள்ளைகளை ஏழு வயதிலேயே பள்ளி விடுதிக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் சாமி இனத்தார் வீட்டில் பேசும் சாமி மொழியை அங்கே யாராவது பேசினால் மூலையில் நிற்க வேண்டும். ரிஸ்தென் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே தானாகப் போய் மூலையில் நின்றுகொண்டாள். நின்றுகொண்டு, சாமி மொழியிலேயே வாய் ஓயாமல் பேசினாள். ஆசிரியை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தாராம். தண்டனையை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு வேறு என்ன தண்டனை கொடுக்க முடியும்? அந்த வருடம் முழுக்க மூலை அவளுடையதாக இருந்தது.

முப்பத்து நாலு வயதில் அவள் புருஷன் ஆந்தே ஏரியில் பனிக்கட்டி உடைந்து போய்ச் சேர்ந்தான். மந்தையாக வளர்க்கும் பனிமான்களை விற்றுவிட்டு நகரத்துக்குப் போ, சலவைக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருடம் எந்தக் கன்று யாருடையது என்று தெரியக் காதில் அடையாளம் வெட்டும் நாளில், சுருக்குக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டிக்கு நடுவில் வந்து நின்றாள். ஆண்கள் ஒதுங்கவில்லை. அவளும் ஒதுங்கவில்லை. மான்கள்தான் ஒதுங்கி ஓடின. சாயங்காலத்துக்குள் தன் கன்றுகள் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே காது வெட்டி முடித்திருந்தாள்.

இப்படிப்பட்டவள் ஐம்பத்தாறாவது வயதில் ஒரு கோடையில் இருபத்தைந்து நாள் மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஜூலை தொடக்கத்தில் கடிதம் வந்தது. எங்கள் ஊரில் தபால் மாரெத்தின் கடைக்குத்தான் வரும். மாரெத் கவரைப் பிரிக்க மாட்டாள், ஆனால் பிரிக்கிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் மாட்டாள். ரிஸ்தென் கடையில் நின்றபடியே படித்தாள். மாகாண நில அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அடுத்த கோடையிலிருந்து ஐந்து வருடங்களுக்குக் காரனாஸ் பள்ளத்தாக்கை மான்களுக்கு மூடிவிடலாம் என்று யோசனை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி ஊர்க் கூடத்தில் கூட்டம். ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம்.

காரனாஸ் என்பது ரிஸ்தென் குடும்பம் நாலு தலைமுறையாகக் கோடையில் மான் ஓட்டிக்கொண்டு போகும் இடம். கொசு கிளம்பியதும் தாய் மான்கள் கன்றுகளோடு அங்கேதான் ஏறும். மேலே காற்று, கீழே ஆற்றோரம் வில்லோ புதர்கள். அந்த இலையைத் தின்றுதான் தாய்க்குப் பால் ஊறும். அதை மூடினால் ஐந்து வருடம் அல்ல, இரண்டு வருடத்திலேயே மந்தை கரைந்துவிடும். ஐந்தாம் வருடம் கதவைத் திறக்கும்போது ஓட்டிக்கொண்டு போக அவளிடம் ஒன்றும் இருக்காது.

காரணம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. போன ஆகஸ்டில் தெற்கிலிருந்து டாக்டர் வில்புலா என்று ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து எங்கள் வில்லோ புதர்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வில்லோ இலைமேல் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள் வருமே, அவை ஒருவகைச் சிலந்திப்பேன் செய்யும் வேலையாம். கண்ணுக்கே தெரியாத அந்தப் பூச்சிகள் ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றனவாம். காரனாஸ் எல்லை வேலிக்கு அப்பால், கோடையில் மான் மேயாத பக்கத்தில், நூறு இலைக்கு ஐந்தில்தான் கொப்புளம். வேலிக்கு இப்பால், காரனாஸில், நூற்றுக்கு நாற்பத்திரண்டு. ஆகவே மான்கள் கடித்துக் கடித்துச் செடி பலவீனமாகி நோய் பரவுகிறது, இப்படியே போனால் ஆற்றோரம் முழுக்க மொட்டையாகிவிடும். இதுதான் அறிக்கை.

"என்னக்கா எழுதியிருக்கான்?" என்றாள் மாரெத்.

"இத்தினூண்டு பூச்சி இலைக்குள்ள வீடு கட்டிக் குடியிருக்குதாம். அதுக்கு இடம் இருக்கு. எனக்குத்தான் இல்லையாம்."

ரிஸ்தெனுக்கு அந்த ஆராய்ச்சிக்காரரை நினைவிருந்தது. முதுகுவலிக்காரர். இடுப்பில் அகலப் பட்டை கட்டிக்கொண்டு, கம்பு முழுங்கியவர் மாதிரி நிமிர்ந்தே நடப்பார். அவள் கூடாரத்துக்கு வந்து, பாலாடைக்கட்டித் துண்டு போட்ட காப்பியை நன்றாகக் குடித்துவிட்டு, முதல் கேள்வியாக, "உங்களுக்கு எத்தனை மான் இருக்கு?" என்று கேட்டார். எங்களிடம் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. கட்டிய பெண்டாட்டிகூடக் கேட்க மாட்டாள். அவள், "மரத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்குது" என்று பதில் சொன்னாள். அதை அவர் நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார், ஏதோ இடம் சொல்கிறாள் என்று நினைத்து.

அன்று சாயங்காலம் யோவ்னா வந்தான். ஆந்தேயின் தம்பி, எங்கள் மேய்ச்சல் சங்கத்துக்குத் தலைவன். நல்லவன்தான். ஆனால் அலுவலகக் காகிதத்தைக் கண்டால் எழுந்து நிற்கிற ஜாதி.

"அண்ணி, நான் ஃபோன்ல பேசிட்டேன். அஞ்சு வருஷம்கிறதை மூணாக் குறைக்கலாம்னு சொல்றாங்க. நாமளே ஒத்துக்கிட்டா மரியாதையா முடிஞ்சிடும்."

"யாருக்கு மரியாதை?"

"எல்லாருக்கும்தான். நம்பர் போட்டு எழுதியிருக்காங்க அண்ணி. நாப்பத்திரண்டு, அஞ்சுன்னு. அதுக்கு நாம என்ன பதில் சொல்றது? மான் நல்லதுன்னு பாட்டுப் பாடறதா?"

"நம்பருக்கு நம்பர் சொல்றேன்."

யோவ்னா சிரித்துவிட்டான். எங்கள் ஆட்கள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்கிற ஆட்கள் இல்லை. அதிலும் ரிஸ்தென் தன் மந்தையில் எத்தனை என்று பெற்ற அம்மாவுக்கே சொன்னதில்லை.

மறுநாள் அவள் மாரெத்தின் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டும், சிவப்புக் கம்பளி நூலும், பேப்பர் படிக்க வைத்துக்கொள்வார்களே அந்தப் பூதக்கண்ணாடியும் வாங்கினாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"வில்லோ செடிக்குக் கொப்புளம் எண்ணப் போறேன்."

"ஓஹோ! செடிக்குப் பேன் பாக்கப் போறியா?" கடையில் இருந்த நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"உன் தலைக்கும் பாக்கணும்னா வரிசையில நில்லு" என்றாள் ரிஸ்தென்.

அதற்குப் பிறகு அவளுக்கு அதுதான் பேர், பேன் பார்க்கிறவள். அவள் சட்டை செய்யவில்லை என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் பொருமினாள். ஆனால் வழியை மாற்றவில்லை.

முதலில் காரனாஸிலேயே எண்ணினாள். ஒரு புதருக்கு நூறு இலை. எண்ணி முடித்த புதரில் ஒரு துண்டு சிவப்பு நூல். அந்த ஆராய்ச்சிக்காரர் ஏதோ கூட்டிச் சொல்லியிருப்பார், பதினைந்தோ இருபதோதான் தேறும் என்று அவள் நம்பிக்கையாக இருந்தாள். பத்துப் புதர் முடிந்ததும் கணக்குப் பார்த்தாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று. திரும்ப எண்ணினாள். நாற்பத்து மூன்று. கோபத்தில் நோட்டைத் தூக்கி ஆற்றோரச் சேற்றில் எறிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே போய் எடுத்துத் துடைத்தாள்.

பிறகு வேலியைத் தாண்டி அப்பால் போனாள். அங்கே குளிர்காலத்தில் மட்டும்தான் மான்கள் பனியைத் தோண்டிப் பாசி தின்ன வரும். கோடையில் வராது. அதனால் புதர்கள் நெஞ்சளவு வளர்ந்து நின்றன. நின்றபடி கைக்கு எட்டிய கிளைகளை இழுத்து எண்ணினாள். நூற்றுக்கு ஐந்து. அடுத்த புதரில் நாலு. அதற்கடுத்ததில் ஆறு. அந்த மனுஷன் எழுதியது அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு, பேசாமல் யோவ்னாவிடம் போய் மூணு வருடத்துக்குச் சரி என்றிருப்பார்கள். பொய்யாக நாலு நம்பர் எழுதியும் கொண்டுபோயிருக்கலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அவள் இரண்டையும் செய்யவில்லை. பதினோரு நாள் தினமும் வேலிக்கு அப்பால் போய் நின்று எண்ணிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மான்கள் குற்றவாளி இல்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது, அதற்குச் சாட்சி மட்டும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. பழைய வலி. ஒரு பிர்ச் மரத்தடியில் மான் தோலை விரித்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லியபடி குப்புறச் சாய்ந்தாள். கண்ணுக்கு நேரே ஒரு வில்லோ புதரின் அடிக்கிளை. அதில் இலைகள் எல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம்.

வலி மறந்துவிட்டது. படுத்தபடியே எண்ணினாள். நூற்றுக்கு முப்பத்தொன்பது. பக்கத்துப் புதரின் அடிக்கு ஊர்ந்துபோய் எண்ணினாள். நாற்பத்துநாலு. அதே புதரின் மேல் கிளையை இழுத்துப் பார்த்தாள். மூன்று.

அப்புறம் தலையைத் தூக்கிப் பிர்ச் மரத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கத்துப் பிர்ச் மரங்களில் ஒரு கரும்பாசி வளரும். அது பனியில் புதைந்தால் பிழைக்காது. அதனால் குளிர்காலத்தில் பனி எவ்வளவு உயரம் நிற்குமோ அதற்கு மேலேதான் மரத்தைக் கறுப்பாகப் பிடித்திருக்கும், கீழே பட்டை வெள்ளையாக இருக்கும். ஆகஸ்டில் வந்தாலும் பிப்ரவரியின் பனி எவ்வளவு என்று அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். காற்றடிக்கிற அந்தச் சரிவில் கோடு ரிஸ்தெனின் முழங்கால் உயரத்தில் இருந்தது. வில்லோ புதரில் கொப்புளங்களும் அதே உயரத்தோடு நின்றுவிட்டன.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பத்தொன்பது வயதில் அவள் ஒரு பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, சறுக்குவண்டிக்குப் பக்கத்தில் பனியைத் தோண்டி உள்ளே புதைந்து ஒன்றரை நாள் உயிர் பிடித்துக் கிடந்தவள். வெளியே நின்றிருந்தால் விறைத்துச் செத்திருப்பாள். இந்தப் பூச்சிகளும் குளிர்காலத்தை மொட்டுக்குள் ஒளிந்துதான் கழிக்கின்றன என்று அந்த அறிக்கையிலேயே எழுதியிருந்தது. பனிக்குள் புதைந்த கிளையில் இருந்தவை பிழைத்திருக்கின்றன. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில் இருந்தவை செத்திருக்கின்றன. இதில் மானுக்கு என்ன வேலை?

"அட கிறுக்குப் பிடிச்சவனே!" என்று வாய்விட்டுக் கத்தினாள். "நின்னுக்கிட்டே எண்ணியிருக்கான்!"

ஆமாம், விஷயம் அவ்வளவுதான். காரனாஸில் மான்கள் மேலே எல்லாம் தின்றுவிட்டதால் புதர்களே முழங்கால் உயரம்தான். ஆகவே அங்கே அவர் பறித்த இலைகள் எல்லாம் பனிக்கோட்டுக்குக் கீழே இருந்தவை. அப்பால் உயரமான புதர்கள். முதுகை வளைக்காமல் கைக்கு எட்டியதைப் பறித்திருக்கிறார். எல்லாம் பனிக்கோட்டுக்கு மேலே இருந்தவை. கீழ்வீட்டையும் மாடிவீட்டையும் ஒப்பிட்டுவிட்டு, கீழ்வீட்டில் கூட்டம் அதிகம், அதற்கு மான்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவள் படுத்துக்கொண்டேதான் எண்ணினாள். வேலிக்கு இப்பால் ஐம்பது புதர், அப்பால் ஐம்பது புதர். மழை பெய்தாலும் படுத்தாள். வயிற்றுக்குக் கீழே மான் தோல், பையில் காய்ந்த இறைச்சி, ஃபிளாஸ்க்கில் காப்பி. ஊரார் வேடிக்கை பார்க்க வந்தார்கள். யோவ்னாவும் வந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணி, எழுந்திரிங்க. ஊரே சிரிக்குது."

"சிரிக்கிறவங்களையும் படுக்கச் சொல்லு. சீக்கிரம் முடிஞ்சிடும்."

பத்தொன்பதாம் தேதி ஊர்க் கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். அலுவலகத்திலிருந்து சார்னியோ என்று ஒரு அம்மாள் வந்திருந்தார். மடிப்புக் கலையாத கோட்டு, எந்தப் பக்கமும் சாயாத பேச்சு. பக்கத்தில் டாக்டர் வில்புலா, அதே இடுப்புப் பட்டையோடு, நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். முதலில் யோவ்னா எழுந்து மூணு வருடக் கதையை ஆரம்பித்தான். ரிஸ்தென் அவன் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"உக்காருப்பா. நான் பேசணும்."

சேறு படிந்த நோட்டைப் பிரித்தாள். நம்பர்களைப் படிக்கத் தொடங்கினாள். எங்களுக்கெல்லாம் உடம்பு கூசியது. முப்பது பேருக்கு நடுவில் ஒருத்தி எண்ணிக்கையை உரக்கச் சொல்கிறாள், அதுவும் ரிஸ்தென்! இரண்டு கிழவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. காரனாஸில் முழங்காலுக்குக் கீழே, நூற்றுக்கு நாற்பத்திரண்டு. வேலிக்கு அப்பால் முழங்காலுக்குக் கீழே, நூற்றுக்கு நாற்பத்தொன்று. அப்பால் முழங்காலுக்கு மேலே, ஐந்து. காரனாஸில் முழங்காலுக்கு மேலே, புதரே இல்லை.

"ஏன் இல்லைன்னு கேப்பீங்க. நானே சொல்லிடறேன். மேல இருந்த தழையைத் தின்னது என் மான்தான். அதை நான் மறைக்கலை. ஆனா கொப்புளம் போட்டது என் மான் இல்லை. அது பனி பாத்துக் குடியிருக்கிற பூச்சி. செய்யாத தப்புக்கு என் மானை வெளிய துரத்த விடமாட்டேன்."

சார்னியோ அம்மாள் பேனாவை மூடினார். "அம்மா, உங்க முயற்சி பாராட்டத்தக்கது. ஆனா பயிற்சி இல்லாதவங்க எண்ணினதை அலுவலகம் ஏத்துக்க முடியாதுங்க."

"பயிற்சி இருக்கிறவர்தான் பக்கத்துல நிக்கிறாரே. வந்து எண்ணட்டும். இங்கேருந்து எட்டு கிலோமீட்டர்."

"அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. அடுத்த வருஷத் திட்டத்துல..."

"டாக்டர்" என்றாள் ரிஸ்தென், அந்த அம்மாளைத் தாண்டி. "ஒரே ஒரு கேள்வி. இலையை எந்த உயரத்துல பறிச்சீங்க?"

வில்புலா தன் காகிதங்களைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். புதரின் உயரம் இருந்தது, ஆற்றிலிருந்து தூரம் இருந்தது, மண்ணின் ஈரம்கூட இருந்தது. இலை பறித்த உயரம் எங்கேயும் இல்லை. அவர் காது சிவந்துபோனது. 

"எழுதலை" என்றார் மெதுவாக. பிறகு, "போய்ப் பாத்துடலாம்" என்றார்.

அவர் மறுத்திருக்கலாம். அலுவலகம் அவர் பக்கம்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த மனுஷனை இன்றுவரை மரியாதையாகத்தான் பேசுகிறேன்.

நாலு சக்கர வண்டிகளில் கிளம்பினோம். தூறல். வேலிக்கு அப்பால் இறங்கியதும் வில்புலா தானாகவே நெஞ்சளவுக் கிளையைப் பிடித்து இழுத்தார். பழக்கம்.

"அங்க இல்லை" என்றாள் ரிஸ்தென். மான் தோலைப் புதரடியில் விரித்தாள். "இங்க."

"என் முதுகு..."

"எனக்கு முழங்கால். இருபத்தஞ்சு நாள் படுத்தேன். நீங்க ஒரு புதருக்குப் படுங்க, போதும்."

அவர் முதலில் ஒரு கையை ஊன்றினார், பிறகு ஒரு முட்டியை. பாதி வழியில் "ஐயோ" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் தொப்பென்று குப்புற விழுந்தார். பாக்கெட்டிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். எண்ணத் தொடங்கினார்.

பத்து இலை ஆனபோது அவர் முனகல் நின்றது. முப்பது ஆனபோது பிர்ச் மரத்தின் அடியைத் திரும்பிப் பார்த்தார், கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார், மறுபடி திரும்பி எண்ணினார். நூறு முடிந்ததும் கிளையை விட்டுவிட்டார்.

"நாப்பது" என்றார்.

"இன்னொரு புதர் பாக்கணுமா?" என்று கேட்டாள் ரிஸ்தென்.

"வேண்டாம்."

சார்னியோ அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார். "டாக்டர், எழுந்திரிங்க, நனையுறீங்க. மத்ததெல்லாம் அலுவலகத்துல பேசிக்கலாம்."

வில்புலா எழ முயன்றார். முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. யோவ்னாவும் இன்னொருவனும் தூக்க ஓடினார்கள். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"இருங்க. முதல்ல பேனா குடுங்க. அறிக்கையும் குடுங்க."

"டாக்டர், அவசரம் ஒண்ணுமில்லை, எழுந்த பிறகு..."

"நின்னுக்கிட்டு எழுதினதுதான் தப்பாப் போச்சு" என்றார் அவர். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "படுத்துக்கிட்டே திருத்திடறேன்."

ரிஸ்தென் தன் நோட்டை அவர் முகத்துக்குக் கீழே அட்டையாக வைத்துக் கொடுத்தாள். மழைத்துளி விழாமல் தன் தலைத்துண்டை அவிழ்த்து மேலே பிடித்தாள். அவர் இரண்டாம் பக்கத்தில் மான்களைப் பற்றிய பத்தியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் தூக்கவிட்டார். நாலு பேர் சேர்ந்து மரக்கட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி வண்டியில் ஏற்றினோம்.

ஊர் அன்றைக்குக் கொண்டாடியது. மாரெத் கடையில் எல்லோருக்கும் காப்பி. ரிஸ்தென் மட்டும் கொண்டாடவில்லை. அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நாலு தலைமுறை இங்கேயே கிடக்கிறோம், ஒரு தடவை வந்துபோனவர் எழுதின காகிதத்துக்கு இவ்வளவு பயந்தோமே என்று யோவ்னாவைப் பார்த்துக் கேட்டாள். 

மூன்று வாரம் கழித்து அலுவலகக் கடிதம் வந்தது. ஒரே வரி. காரனாஸ் பள்ளத்தாக்கை மூடும் யோசனை கைவிடப்படுகிறது.

யோவ்னா அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டலாம் என்றான். ரிஸ்தென் கடையிலேயே பேனா வாங்கி அந்த வரிக்குக் கீழே எழுதினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க? ஜெயிச்சாச்சு! இதைப்போய் ஏன் நோண்டறீங்க?"

"கைவிட்டேன்னு சொல்றாங்க. ஏன் கைவிட்டேன்னு சொல்லலையே."

"அது எதுக்கு?"

"மான்தான் காரணம்னு எழுதினாங்க இல்ல? அதோட அடிக்காத பிரதி அங்க எங்கேயோ ஒரு அலமாரியில இருக்கும்டா. பத்து வருஷம் கழிச்சு வேற ஒருத்தி எடுத்துப் பாப்பா. மன்னிச்சு விட்டாங்கன்னு நினைப்பா. என் மான் மன்னிப்பு வாங்கற அளவுக்கு என்ன பண்ணிச்சு?"

அவள் எழுதியது இவ்வளவுதான்: காரணம் எழுதவில்லை. எழுதி அனுப்பவும். அதே கவரை மறுபக்கம் திருப்பி, அதிலேயே போட்டு அனுப்பினாள்.

பதில் இல்லை. செப்டம்பர் கடைசியில் மறுபடி எழுதினாள். அக்டோபரில் மறுபடி. பனி விழுந்தது. நவம்பரில் எழுதும்போது மாரெத் தபால்தலையை ஒட்டித் தயாராக வைத்திருந்தாள், பேன் பார்க்கிறவள் என்று சொல்வதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். டிசம்பரில் யோவ்னாவே சங்கத்தின் முத்திரையைக் கொண்டுவந்து அவள் கடிதத்தின் கீழே குத்தினான். அவள் கேட்கவே இல்லை.

பிப்ரவரியில் வந்தது. ரிஸ்தென் கடையில் நின்று பிரித்தாள். ஆறு பேர் இருந்தோம். முதலில் தனக்குள் படித்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, கடைக் கோடிவரை கேட்கும்படி, சாமி மொழியில் மாற்றிப் படித்தாள்.

"காரனாஸ் பள்ளத்தாக்கின் வில்லோ செடிகளில் காணப்படும் கொப்புளங்களுக்கு மான்கள் காரணம் அல்ல."

இரண்டாம் முறையும் படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலேயே காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

"இப்போ மூடச் சொல்லு பாப்போம்" என்றாள்.